சென்னையை விட்டு எந்த ஊருக்குக் குடி போகலாம்?

சம்பளத்தில் பெரும்பங்கை வாடகை விழுங்குகிறதா? மூட்டை கட்டுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் வருகிறார். பத்தாம் தேதி பள்ளிக்கூடத்துச் சீட்டு வருகிறது. இருபதாம் தேதி கைமாற்றுக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சென்னையில் குடித்தனம் நடத்தும் பல குடும்பங்களின் கதை இதுதான். கணவன் உழைக்கிறான். மனைவியும் உழைக்கிறாள். இருவரும் ஊதாரிகள் அல்ல. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

"பேசாமல் திருச்சிக்குப் போய்விடலாமா? மதுரையில் இதே வீடு பாதி வாடகைக்குக் கிடைக்குமாமே!" என்று ஒரு நாள் இரவு பேச்சு எழுகிறது. மறுநாள் காலையில் பஸ்சைப் பிடிக்கும் அவசரத்தில் அந்தப் பேச்சு மறந்து போகிறது. அடுத்த மாதம் இருபதாம் தேதி மறுபடியும் எழுகிறது.

போகலாமா, வேண்டாமா? போனால் எந்த ஊருக்கு? இதை ஆத்திரத்தில் முடிவு செய்யக் கூடாது. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

வாடகை ஏன் ஏறுகிறது?

சென்னைக்குக் கிழக்கே கடல். அந்தப் பக்கம் ஊர் வளர முடியாது. மேற்கேயும் தெற்கேயும் வடக்கேயும்தான் வளர வேண்டும். 2011-ம் ஆண்டு மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நேற்று வரை புறநகர் என்று சொல்லப்பட்ட இடமெல்லாம் மாநகராட்சி ஆயிற்று. அங்கும் வாடகை ஏறியது.

வேலை தேடி வருகிறவர்களின் கூட்டம் குறையவில்லை. கார் தொழிற்சாலை, கம்ப்யூட்டர் கம்பெனி, துறைமுகம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே இருக்கின்றன. ஆள் வரும் இடத்தில் வீட்டுக்குக் கிராக்கி. கிராக்கி உள்ள இடத்தில் வாடகை ஏறும். இதில் புதிர் ஒன்றும் இல்லை.

எது மலிவு? எது மலிவு இல்லை?

"வெளியூரில் எல்லாமே மலிவு" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

செல்போன் கட்டணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். சோப்பும் பற்பசையும் ஒரே விலைதான். மின்சாரக் கட்டணம் தமிழ்நாடு முழுவதும் ஒரே விகிதம். சமையல் கியாஸ் விலையிலும் பெட்ரோல் விலையிலும் சிறிய வித்தியாசமே உண்டு. பருப்பும் எண்ணெயும் அப்படித்தான். ரேஷன் அரிசி எங்கும் ரேஷன் அரிசியே.

அப்படியானால் எது குறையும்?

முதலாவது, வாடகை. இரண்டாவது, முன்பணம். மூன்றாவது, தினமும் வேலைக்குப் போய்வரும் செலவும் நேரமும். நான்காவது, பள்ளிக்கூடச் சம்பளம். சில ஊர்களில் தண்ணீர்ச் செலவும் குறையும். காய்கறி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம்.

இந்த நான்கைந்து இனங்களில்தான் மிச்சம் பிடிக்க முடியும். மற்றவற்றில் பெரிய லாபத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அரசாங்கம் போட்ட கணக்கு

ஊருக்கு ஊர் வாடகை வேறு என்பதை மத்திய அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்கும்போது நகரங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரம் முதல் வகை. 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை இரண்டாம் வகை. மற்றவை மூன்றாம் வகை.

தமிழ்நாட்டில் முதல் வகையில் இருப்பது சென்னை மட்டுமே. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை இரண்டாம் வகை.

2024 ஜனவரியில் இந்தப் படி முதல் வகைக்கு 30 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம், மூன்றாம் வகைக்கு 10 சதவீதம் என்று ஆயிற்று. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் வாங்குகிறவருக்குச் சென்னையில் 9,000 ரூபாய் படி. திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனால் 6,000 ரூபாய்.

அவருக்கு வரவில் 3,000 ரூபாய் குறைகிறது. வாடகையில் 3,000 ரூபாய்க்கு மேல் குறைந்தால்தான் அவருக்கு லாபம். செலவு குறையும்போது வரவும் குறையலாம். இதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள், வயதான தாய். கணவனின் சம்பளம் 28,000 ரூபாய். மனைவியின் சம்பளம் 12,000 ரூபாய். மொத்தம் 40,000 ரூபாய்.

சென்னையில் அவர்களுடைய மாதச் செலவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

வாடகை 14,000
தண்ணீர், பராமரிப்பு 1,500
போக்குவரத்து 3,000
மளிகை, காய்கறி, பால் 11,000
பள்ளிக்கூடம் 5,000
மின்சாரம், கியாஸ், போன் 2,500
மருந்து 1,500

மொத்தம் 38,500 ரூபாய். மிச்சம் 1,500 ரூபாய். ஒரு கல்யாண மொய் வந்தால் அதுவும் போயிற்று!

இதே குடும்பம் இரண்டாம் வகை நகரம் ஒன்றுக்குப் போகிறது. அங்கே செலவு இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்:

வாடகை 8,000
தண்ணீர் 300
போக்குவரத்து 1,200
மளிகை, காய்கறி, பால் 10,500
பள்ளிக்கூடம் 4,000
மின்சாரம், கியாஸ், போன் 2,500
மருந்து 1,500

மொத்தம் 28,000 ரூபாய். மாதம் 10,500 ரூபாய் குறைகிறது. "ஆகா!" என்று கிளம்பிவிடலாமா? பொறுங்கள். வரவையும் பார்க்க வேண்டும்.

கணவனுக்குப் புது ஊரில் 24,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது. மனைவிக்கு வேலை கிடைக்கவில்லை. வரவு 24,000. செலவு 28,000. மாதம் 4,000 ரூபாய் கடன்! சென்னையிலாவது 1,500 ரூபாய் மிஞ்சியது.

மனைவிக்கு 9,000 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைத்தால்? வரவு 33,000 ஆகும். 5,000 ரூபாய் மிச்சம். சென்னையில் மிஞ்சியதைவிட 3,500 ரூபாய் அதிகம்.

ஆக, இந்தக் குடும்பம் பிழைப்பதும் கடன்படுவதும் மனைவியின் வேலையில் அடங்கி இருக்கிறது. பல வீடுகளில் இதைத்தான் கணக்கில் சேர்ப்பதில்லை. "எனக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, அவள் அங்கே போய் ஏதாவது பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த "ஏதாவது" என்ன என்பதைப் புறப்படுமுன் கண்டுபிடிக்க வேண்டும்.

மாறுவதற்கே ஒரு செலவு

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லாரிக் கூலி, சாமான் கட்டும் கூலி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பணம், புது வீட்டுக்குச் சில்லறைச் செலவு. எல்லாம் சேர்ந்து 42,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மாதம் 3,500 ரூபாய் கூடுதலாக மிஞ்சுகிறது. 42,000 ரூபாயை மீட்க எத்தனை மாதம் ஆகும்? பன்னிரண்டு மாதம். அதாவது, முதல் வருடம் முழுவதும் போட்ட பணத்தைத்தான் எடுக்கிறார்கள். இரண்டாவது வருடத்தில்தான் லாபம் தொடங்குகிறது.

ஆகையால் மூன்று வருடமாவது தங்குவோம் என்ற உறுதி இல்லாமல் வீடு மாறுவது நஷ்டம். "ஒரு வருடம் இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பி வருவோம்" என்பது இரண்டு லாரிக் கூலிக்கு வழி.

எந்த ஊர் எப்படி?

இனி ஊர்களைப் பார்ப்போம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரம் உண்டு. ஒரு குறையும் உண்டு.

திருச்சி: சென்னையில் இருந்து சுமார் 330 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போகவும் ரெயிலும் பஸ்சும் உண்டு. காவிரியும் கொள்ளிடமும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. பொன்மலை ரெயில்வே பணிமனையும் பெல் தொழிற்சாலையும் இங்கே இருக்கின்றன. பெல்லுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. வெல்டர், பிட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு ஏற்ற ஊர். ஆனால் பெரிய ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் சிறிய பட்டறையில் வேலை குறையும். வெயிலும் கடுமை.

கோவை: கடல் மட்டத்தில் இருந்து 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. சென்னையின் புழுக்கம் இங்கே இல்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. பம்பு செட், கிரைண்டர், வார்ப்படம் என்று தொழில் வளர்ந்தது. இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளும் இருக்கின்றன. வேலை கிடைக்கும். ஆனால் வாடகையும் மற்ற ஊர்களைவிட அதிகம். சிறுவாணித் தண்ணீருக்குப் பெயர் பெற்ற ஊர்தான். என்றாலும் கோடையில் அணை வற்றினால் சில பகுதிகளில் பல நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். பேட்டைக்குப் பேட்டை விசாரிக்க வேண்டும்.

மதுரை: வாடகை குறைவு. சாப்பாடும் மலிவு. நடு இரவிலும் இட்லி கிடைக்கும். 2004-ம் ஆண்டு ஐகோர்ட்டுக் கிளை வந்தது. அதனால் வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் டைப் அடிப்பவர்களுக்கும் வேலை பெருகியது. 1954-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உலகப் புகழ் பெற்றிருக்கிறது. குறை என்ன? ஊரின் பெருமைக்குத் தகுந்த பெரிய தொழிற்சாலைகள் இல்லை. படித்த பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். வைகையில் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை.

சேலம்: சென்னைக்கும் கோவைக்கும் நடுவே, சுமார் 340 கிலோமீட்டரில் இருக்கிறது. உருக்காலை, வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, ஜவுளி என்று பலவகைத் தொழில். கைத்தொழில் தெரிந்தவர்களும் சிறு வியாபாரிகளும் பிழைக்கலாம். மேட்டூரில் இருந்து தண்ணீர் வருகிறது. நினைத்தால் ஏற்காட்டுக்குப் போய் வரலாம். மாதச் சம்பள வேலை கோவை அளவுக்குக் கிடைக்காது.

திருநெல்வேலி: தாமிரபரணி ஓடும் ஊர். பாளையங்கோட்டையில் பழமையான பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நிறைய. பிள்ளைகளின் படிப்புக்கு நல்ல இடம். ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் ஏற்றது. ஆனால் சென்னையில் இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். அண்ணன் தம்பி சென்னையில் இருந்தால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ரெயில் செலவு. இளைஞர்களுக்கு வேலை குறைவு.

வேலூர்: சுமார் 140 கிலோமீட்டர்தான். தொடர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள் இருக்கும் வீட்டுக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஒரு பெரிய துணை. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெளியூர் நோயாளிகள் வந்து தங்குவதால் வாடகை அதிகம். சற்றுத் தள்ளிப் போனால் குறையும். கோடை வெயிலோ எல்லோருக்கும் தெரிந்ததே!

ஓசூரையும் திருப்பூரையும் சிலர் சொல்லுவார்கள். அங்கே வேலை உண்டு என்பது உண்மை. ஆனால் வேலை மிகுந்த ஊரில் வாடகையும் ஏறத்தான் செய்யும். வாடகை மிகக் குறைந்த ஊரைக் கண்டால், "ஏன் குறைவு?" என்று கேளுங்கள். அங்கே வேலை இல்லை என்பது பல சமயம் பதிலாக இருக்கும்.

தூரப் போகாமல் பக்கத்தில் போனால்?

"வேலையை விட வேண்டாம். செங்கல்பட்டுக்கோ அரக்கோணத்துக்கோ போய் வீடு எடுப்போம். தினமும் ரெயிலில் வந்து போவோம்." இதுவும் ஒரு யோசனைதான். சீசன் டிக்கெட் மலிவு. வாடகையும் குறைவு.

ஆனால் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். செங்கல்பட்டில் இருந்து கடற்கரை ரெயில் நிலையம் சுமார் 60 கிலோமீட்டர். வீட்டில் இருந்து ஆபீஸ் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4 மணி. மாதத்தில் 25 நாள் வேலை. ஆக 100 மணி நேரம்!

நான்கு நாள் இரவும் பகலும் சேர்ந்தால் 96 மணிதான். அதற்கும் மேலான காலம் மாதந்தோறும் ரெயிலில் போகிறது. காலையில் குழந்தை எழுமுன் அப்பா போய்விடுகிறார். இரவு குழந்தை தூங்கிய பிறகு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவைப் பார்க்கும் குழந்தைக்கு வாடகை மிச்சத்தால் என்ன லாபம்?

வேலை தாம்பரம் பக்கம் இருந்தால் செங்கல்பட்டு சரி. வேலை அம்பத்தூர் பக்கம் இருந்தால் திருவள்ளூர் சரி. வேலை இருக்கும் திசையில் வீடு தேட வேண்டும்.

தண்ணீரும் வெள்ளமும்

2019-ம் ஆண்டு கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. 2015 டிசம்பரிலோ ஊரே வெள்ளத்தில் மிதந்தது. இரண்டையும் பார்த்தவர்கள், "வெளியூருக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை" என்று நினைப்பது இயற்கை.

ஆனால் 2023 டிசம்பரில் நடந்ததை மறக்கக் கூடாது. மாதத் தொடக்கத்தில் புயல் மழையில் சென்னை தத்தளித்தது. இரண்டு வாரத்தில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பேய்மழை. தாமிரபரணி கரை புரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

பள்ளமான இடம் எந்த ஊரிலும் பள்ளமான இடமே. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வாடகை குறைவாக இருந்தால், அந்த மலிவில் வெள்ள பயமும் சேர்ந்திருக்கிறது. "போன மழையில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது?" என்று எதிர்வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

யார் போகலாம்? யார் பொறுக்கலாம்?

ஓய்வூதியம் வாங்குகிறவர் போகலாம். அவருடைய ஓய்வூதியம் எந்த ஊருக்குப் போனாலும் குறையாது. வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர் போகலாம். ஆனால் கம்பெனி திடீரென்று "ஆபீசுக்கு வா" என்று அழைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றல் கிடைக்கும் உத்தியோகம் உள்ளவர் போகலாம். தையல், மின்சார வேலை, மெக்கானிக் வேலை தெரிந்தவரும் போகலாம். புது ஊரில் வாடிக்கைக்காரர்கள் சேர ஆறு மாதமாவது ஆகும் என்று நினைத்துக் கையில் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொறுக்க வேண்டியவர்கள் யார்? பத்தாம் வகுப்பிலும் பிளஸ் 2-விலும் பிள்ளை படிக்கும் குடும்பம் பரீட்சை முடியும் வரை பொறுக்கலாம். ஒரே டாக்டரிடம் நீண்ட வைத்தியம் பார்க்கும் நோயாளி உள்ள வீடும் பொறுக்கலாம். டாக்டரையே கேட்டு, புது ஊரில் யாரிடம் போவது என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு புறப்படலாம். சென்னையில் மட்டுமே நடக்கும் தொழிலில் இருப்பவர்கள் வாடகை மலிவு என்று கிளம்பினால், தொழிலை விட்டுவிட்டுப் போவதாக ஆகும்.

"நான் மட்டும் முதலில் போகிறேன். குடும்பம் பிறகு வரட்டும்" என்பது ஒரு மாதம், இரண்டு மாதம் சரி. வருடக்கணக்கில் நீண்டால் இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு. மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு இரட்டிப்பாகும்.

வயதானவர்களைக் கேட்டீர்களா?

தாய்க்கும் தகப்பனுக்கும் சென்னையில் ஒரு கோயில் இருக்கும். காலையில் பேச நான்கு பேர் இருப்பார்கள். கடன் சொல்லிப் பால் கொடுக்கும் பால்காரர் இருப்பார். புது ஊரில் இதெல்லாம் உடனே கிடைக்காது. வயதானவர்கள் தனியே உட்கார்ந்து வாடுவார்கள்.

ஆகவே உறவினர் ஒருவராவது இருக்கும் ஊர் நல்லது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு கை வேண்டும். மனைவியின் தாய்வீடு பக்கத்தில் இருந்தால் அதுவும் ஒரு பெரிய பலம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால், மனைவி வேலைக்குப் போக முடியும். முன்னே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்!

முன்பணம் எவ்வளவு?

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் எழுத வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பி வரும், வெள்ளை அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

சென்னை வீட்டுக்காரரிடம் இருக்கும் பழைய முன்பணம் கைக்கு வருமுன் புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டி வரும். இந்த இடைவெளிக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டிக்கு வாங்கி வீடு மாறாதீர்கள்.

போய்ப் பார்த்து வாருங்கள்

வீடு பார்க்க இரண்டு முறையாவது போக வேண்டும். முடிந்தால் ஒரு முறை மே மாதத்தில், ஒரு முறை மழைக்காலத்தில். கணவன் மட்டும் போகக் கூடாது. மனைவியும் போக வேண்டும். சமையலறையில் நிற்கப் போகிறவர்களுக்குத்தான் அதன் குறை தெரியும்.

தரகரிடம் கேட்பதைவிடப் பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள். குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இரவில் டாக்டர் எங்கே? மின்சாரம் அடிக்கடி போகுமா? இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். உங்கள் மகள் தனியே நடக்கக் கூடிய தெருவா என்று பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே வீடு அமைந்தால் நல்லது. வாடகை 500 ரூபாய் கூடினாலும் பஸ் செலவில் அது திரும்பி வந்துவிடும்.

காகிதங்களை மறக்காதீர்கள்

ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற மனு கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் இடம் மாறுவதற்கு 8-ம் எண் படிவம். கியாஸ் ஏஜென்சியில் சொல்லி இணைப்பைப் புது ஊருக்கு மாற்றுங்கள். பாங்கியிலும் முகவரி மாற்றுங்கள்.

பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையை அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கும்போது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. கல்வியாண்டு முடியும் ஏப்ரல், மே மாதமே மாறுவதற்கு ஏற்ற காலம்.

வயதானவர்களின் வைத்தியச் சீட்டுகள், எக்ஸ்-ரே படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். லாரியில் ஏற்றாதீர்கள்.

முடிவு உங்கள் கையில்

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காகிதத்தை எடுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் சென்னை. வலப்பக்கம் நீங்கள் நினைக்கும் ஊர். இரண்டு பக்கமும் வரவு, செலவு, மிச்சம் எழுதுங்கள். மனைவியின் வரவையும் சேர்த்து எழுதுங்கள். வருடத்துக்கு எத்தனை முறை சென்னைக்கு வந்து போக வேண்டும், அதற்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். மாதக் கடைசியில் இப்போதைவிட அதிகம் மிஞ்சுமா? இருவருக்கும் வேலை உறுதியா? குடும்பம் முழுவதும் ஒரே வீட்டில் இருக்குமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் பள்ளிக்கூட விடுமுறையில் தைரியமாக மூட்டை கட்டுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இன்னும் ஆறு மாதம் தேடுங்கள். ஊர் எங்கும் ஓடிப் போய்விடாது.

போன கையோடு மனை வாங்கவும் வீடு கட்டவும் அவசரப்பட வேண்டாம். முதல் வருடம் வாடகை வீட்டிலேயே இருங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு, நிலம் வாங்கும் பேச்சை எடுக்கலாம்.